பித்தப்பை அறுவைக்குப் பின் பயாப்சி கட்டாயமாக்கக் கோரி மனு

அனுப்புநர்:
பனியன் கம்பெனி செக்கிங் பெண் தொழிலாளர்கள்,
திருப்பூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்களோடு செக்கிங் டேபிளில் பீகார் அக்கா ஒருவர் இருந்தார். வலது விலாவுக்குக் கீழே ஒரு கையை அழுத்திக்கொண்டேதான் பீஸ் பார்ப்பார். கேஸ் என்று நினைத்து இரண்டு வருஷம் மருந்துக்கடை மாத்திரையிலேயே ஓட்டினார். அப்புறம் ஒரு மருத்துவமனையில் பித்தப்பையை எடுத்தார்கள். உள்ளே இருந்த கற்களைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா அதைக் கொண்டுவந்து எங்களுக்குக் குலுக்கிக் காட்டினார். பித்தப்பையை மட்டும் பயாப்சிக்கு (புற்று இருக்கிறதா என்று பார்க்கும் திசுப் பரிசோதனைக்கு) அனுப்பவில்லை.

எட்டு மாதத்தில் கண் மஞ்சளானது. காமாலைதானே என்று நாங்களே கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஸ்கேன் எடுத்தபோது புற்று கல்லீரல்வரை பரவியிருந்தது. 46 வயதில் போய்விட்டார்.

கல் இருக்கிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்று வரும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் பித்தப்பைப் புற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல் இருந்திருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வயது கூடக் கூட ஆபத்தும் கூடும். 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், பித்தப்பையின் உள்சுவரில் வளரும் 1 செ.மீ.க்கு மேற்பட்ட சதை வளர்ச்சி (பாலிப்), உடல் பருமன், பித்தப்பையில் நெடுநாள் தங்கிவிடும் டைபாய்டு கிருமி ஆகியவையும் காரணங்கள். தமிழ்நாட்டில் இந்த நோய் குறைவு என்பதால் இங்கே சந்தேகம் எழுவதில்லை. கங்கைச் சமவெளியிலும் அசாமிலும் அதிகம். அந்தப் பக்கத்துப் பெண்கள்தான் இன்று எங்கள் பக்கத்து டேபிளில் நிற்கிறார்கள். ரயிலேறி வந்ததால் அந்த ஆபத்து அவர்களை விட்டுவிடாது.

புற்று உட்சவ்வோடு நின்றிருந்தால் பித்தப்பையை எடுத்ததே பெரும்பாலும் போதும். தசைவரை போயிருந்தால் கல்லீரலின் ஒரு பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க மறு ஆபரேஷன் வேண்டும். எது என்று பயாப்சி பார்த்தால்தான் தெரியும். அக்காவுக்கு அந்த ஒரு வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஆகவே, மாவட்டத்தில் அரசு, தனியார் எதுவானாலும், எடுக்கும் ஒவ்வொரு பித்தப்பையையும் பயாப்சிக்கு அனுப்பி, முடிவை நோயாளியிடம் எழுத்தில் தர மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் வழியாக உத்தரவிட வேண்டுகிறோம். வலது மேல்வயிற்று வலி அடிக்கடி வரும் பெண்களுக்குக் கம்பெனி மருத்துவ முகாம்களில் ஸ்கேன் எடுக்க ஏற்பாடு வேண்டும். விவரத்தை இந்தியிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், ஐயா. அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செக்கிங் பெண் தொழிலாளர்கள்

இணைப்பு: டிஸ்சார்ஜ் சம்மரி நகல், ஸ்கேன் ரிப்போர்ட் நகல் (குடும்பத்தார் சம்மதத்துடன்)