மாநாட்டுக்கு இலை போட்டவன் எழுதுறேன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர், அரசு ஊழியர்களுக்கு கருத்தரங்கு மாநாடுன்னு நம்ம வரிப்பணத்துல ஒத்த பைசா போகக்கூடாதுன்னு காட்டமா எழுதியிருந்தார். படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் உறுத்தவும் செஞ்சுச்சு, ஏன்னா அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்கு இலை போட்டு சம்பாதிச்சவன் நான். காரைக்குடி பக்கம் 22 வருஷமா சமையல் காண்ட்ராக்ட் எடுக்குறேன், கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயசுக் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் போடுற படையல்) எல்லாத்துக்கும் போவேன். எந்தத் துறைன்னு சொல்ல மாட்டேன், பொழப்பு இருக்கு.

முதல்ல ஒண்ணு, சங்க மாநாட்டை இதுல சேத்துக் குழப்ப வேணாம். அது அவங்க சந்தாக் காசுல, அவங்க கோரிக்கைக்காக கூடுறது, அதுல நமக்கு என்ன. நான் சொல்றது துறையே செலவு பண்ணி, பயணப்படி தினப்படி குடுத்து, ரூம் போட்டு நடத்துற கூட்டத்தை.

நான் போனது ரெண்டு நாள் கூட்டம். ஹோட்டலா மாத்தின பழைய செட்டியார் வீடு ஒண்ணுல நடந்துச்சு, வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, சேர் போட்டு புரொஜெக்டர் வச்சிருந்தாங்க. 60 பேருக்கு ஆர்டர். காலைல வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, மத்தியானம் முழுச் சாப்பாடு. 10 மணி நிகழ்ச்சி 11:15க்கு ஆரம்பிச்சுச்சு, அது எங்கேயும் நடக்குறதுதான் விடுங்க. முதல் நாள் மத்தியானம் இலையெல்லாம் நிறைஞ்சுச்சு. சாப்பிட்டதும் ரெண்டு வேன் கிளம்பிருச்சு, ஒண்ணு ஆத்தங்குடி டைல்ஸ் பாக்க, ஒண்ணு பிள்ளையார்பட்டிக்கு. ரெண்டாவது நாள் மத்தியானம் நான் எண்ணின எச்சில் இலை 23. ஆனா ரிஜிஸ்டர்ல 60 கையெழுத்து இருந்துச்சு, பரிமாறப் போனப்ப என் கண்ணாலேயே பாத்தேன். சமைச்சது 60 பேருக்கு, அதனால பில்லும் 60க்குத்தான் போட்டேன், அதுல என் தப்பு இல்ல. மிஞ்சினதை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிட்டேன், பாயசம் மட்டும் தாங்காதுன்னு எங்க பசங்களே குடிச்சிட்டாங்க.

இதை வச்சு எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு சொல்ல வரல, அந்த வாசகரோட நான் ஒத்துப்போகாதது இங்கதான். என் மச்சினிச்சி மக அரசுப் பள்ளி டீச்சர், சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குது. 2022ல சின்னப் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் நல்லா வரணும்னு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்ப வட்டார வள மையத்துல பயிற்சிக்குக் கூப்பிட்டாங்க. இதுவும் வரிப்பணம்தான். வீட்டுலேர்ந்து டிபன் பாக்ஸ், அங்க டீயும் ரெண்டு பிஸ்கட்டும், ஃபேன் ஓடுற பக்கமா பெஞ்சை இழுத்துப் போட்டு உக்காந்திருக்காங்க. "பெரியப்பா, கத்துக்கிட்ட அளவைப் பாத்து அரும்பு மொட்டு மலர்னு பிள்ளைங்களைப் பிரிச்சு சொல்லிக்குடுக்குறது எப்படின்னு அங்க போய்த்தான் எனக்குப் பிடிபட்டுச்சு"ன்னு அதுவே சொன்னுச்சு. இந்தக் காசை எப்படி வேஸ்ட்டுன்னு சொல்லுவீங்க? நம்ம ஊர் சிக்ரி, அதான் மத்திய அரசோட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதையே எடுத்துக்கங்க, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து வந்த இடம், ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்கிற ஊர்ல கடல் காத்துல இரும்பு எப்படி அரிக்குதுன்னு பாக்க அவங்களுக்கு ஒரு நிலையமே இருக்கு. அந்த ஆளுங்க வெளியூர் விஞ்ஞானிகளோட உக்காந்து பேசுறது அவங்க வேலையிலயே ஒரு பாதி.

அதனால காசு குடுக்கலாமா கூடாதாங்கிறதைவிட, குடுத்த காசுக்குக் கணக்கு எங்கங்கிறதுதான் என் கேள்வி. எங்க பக்கம் ஆச்சிமார் கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பட்டாலைல, அதான் வீட்டுக் கூடத்துல, உக்காந்து மிஞ்சின தேங்காயை எண்ணுவாங்க, கடன் வாங்கியா கல்யாணம் பண்ணாங்க, இல்லையே, கோடி கோடியா இருக்குறவங்கதான், ஆனாலும் எத்தனை வந்துச்சு எத்தனை உடைச்சோம் எத்தனை மிச்சம்னு ஒத்துப்போகலேன்னா எனக்கு செட்டில்மெண்ட் கிடையாது. அப்பல்லாம் எனக்கு எரிச்சலா இருக்கும், ஆனா அதே மாதிரி கணக்குதான் இங்கயும் வேணும்.

அமெரிக்காவுலயும் இந்தக் கூத்து நடந்திருக்கு. அரசாங்கக் கட்டடம், கொள்முதல் எல்லாம் பாக்குற ஒரு துறை 2010ல லாஸ் வேகாஸ்ல ஒரு மாநாடு நடத்துச்சு, சுமார் 300 பேருக்கு 8 லட்சத்து 23 ஆயிரம் டாலர். முன்கூட்டியே இடம் பாக்கவும் பிளான் போடவும் போய் வந்ததுக்கே 1 லட்சம் டாலருக்கு மேல, அதுபோக மனசுல நினைக்கிறதைச் சொல்றேன்னு ஒரு ஆளைக் கூட்டிவந்து 3,200 டாலர் குடுத்திருக்காங்க. துறையோட சொந்த தணிக்கை ஆளுங்களே இதைத் தோண்டி எடுத்தாங்க, 2012 ஏப்ரல்ல தலைமை அதிகாரி ராஜினாமா பண்ணாங்க. அடுத்த மாசமே, 5 லட்சம் டாலருக்கு மேல போற மாநாட்டுக்கு விசேஷ அனுமதி இல்லாம தடை, 1 லட்சத்துக்கு மேல போனா வருஷா வருஷம் இணையதளத்துல செலவைப் போடணும்னு உத்தரவு வந்துச்சு. கூட்டம் நிக்கல, கணக்கு மட்டும் வெளிய வந்துச்சு.

நம்ம மத்திய நிதி அமைச்சகமும் 2014 அக்டோபர்ல ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்ல கூட்டம் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. நல்லதுதான், ஆனா ஸ்டாரே வாங்காத செட்டிநாட்டு பங்களா அந்தக் கணக்குல வருமா சொல்லுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லேர்ந்து இருக்கு, 10 ரூபாய் கட்டி யார் வேணா கேக்கலாம். ஆனா ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஆள் 10 ரூபாயை எடுத்துட்டு அலையணுமா? அந்தச் சட்டத்தோட 4வது பிரிவே கேக்காமலே வெளியிடணும்னுதான் சொல்லுது. கூட்டம் முடிஞ்ச ஒரு மாசத்துல ஆபீஸ் போர்டுல ஒரு பேப்பர் ஒட்டட்டும், எத்தனை பேர் வந்தாங்க, என்ன செலவு, திரும்பிப் போய் எந்த வேலையை மாத்திச் செஞ்சாங்கன்னு. மூணாவது கேள்விக்குப் பதில் இருக்குற கூட்டத்துக்கு நானே பாதி ரேட்ல சமைச்சுத் தரேன்.

என் பில் கதையையும் சொல்லிடறேன். பாதிப் பணம் முன்னாடியே வந்துச்சு, மீதிக்கு அலைஞ்சா ஆடிட்ல கேள்வி எழுப்பி பில்லைத் திருப்பி விட்டுட்டாங்க. லிஸ்ட்ல வெண்டைக்காய் மண்டின்னு எழுதியிருந்தேன். "சாப்பாட்டு பில்லுல மண்டிக் கடை எப்படி வந்துச்சு, கமிஷன் மண்டிக்குத் தனி ரசீது எங்க"ன்னு சிவப்பு மையில எழுதி வந்துச்சு. அரிசி கழுவின தண்ணில புளி விட்டு வைக்கிற பதார்த்தம் சார்னு நேர்ல போய் விளக்கி, வெண்டைக்காய் புளிக்குழம்புன்னு மாத்தி எழுதிக் குடுத்துட்டு வந்தேன். 37 இலை எங்க போச்சுன்னு யாரும் கேக்கல.

இப்படிக்கு,
ஒரு சமையல்காரர், காரைக்குடி பக்கம்