சிறுநீர்க் குப்பியை மட்டும் நம்பாதீர்கள்: கேப்டன்களுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் ஒரு மடல்

மதிப்பிற்குரியீர்,

கப்பலேறும் முன் போதைப்பொருளுக்காக ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு எப்போதாவது ஒரு திடீர்ச் சோதனை. இது போதாது. கோகெய்ன், ஹெராயின் தடயம் சிறுநீரில் பெரும்பாலும் சில நாட்களே தங்கும். மாதக்கணக்கான பயணத்தில் ஒருவரிடம் வரும் மாற்றத்தை முதலில் காண்பவர்கள் உடன் வாட்ச் (காவல் முறை) பார்ப்பவரும் தளப் பணியாளர்களை மேற்பார்க்கும் போசனும்தான். எதைக் கவனிப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

துறைமுகம் விட்ட ஓரிரு நாளில் ஒருவருக்கு ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு. சளிக்காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஹெராயின் கிடைக்காமல் உடல் தவிக்கும்போதும் இதே கோலம்தான். அப்போது கண்மணி விரிந்திருக்கும். போதையில் ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்கும். பிரிட்ஜ் எனும் கப்பல் செலுத்தும் அறையின் இருட்டில் எல்லோருக்கும் கண்மணி விரியும், ஆகவே வெளிச்சமான இடத்தில் பாருங்கள். மெத்தாம்பெட்டமின் என்ற ஊக்கப் போதைமருந்து வேறு மாதிரி: தூக்கமில்லாத சுறுசுறுப்பு, பசியின்மை, பல் கடிப்பு, பிறகு அடித்துப்போட்டாற்போல் தூக்கம்.

தள்ளாடுகிறவரைக் குற்றவாளியாக்கும் முன் நோயாளியாகப் பாருங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறோம். சர்க்கரை குறைந்தாலும், இன்ஜின் அறை வெக்கை தாக்கினாலும், தலையில் அடிபட்டாலும், டேங்க் வாயுவைச் சுவாசித்தாலும் நாக்கு குழறும். குளுக்கோமீட்டர், தெர்மாமீட்டர் இரண்டையும் முதலில் எடுங்கள். ஓய்வுப் பதிவேட்டையும் பாருங்கள்: 24 மணி நேரத்தில் 10, ஏழு நாளில் 77 மணி நேர ஓய்வு உண்மையிலேயே கிடைத்ததா? குருமாவில் போட்ட கசகசாகூடச் சோதனையில், ஹெராயின் எடுத்தவருக்குப் போலவே, மார்பின் காட்டலாம்; ஆய்வக உறுதிப்பாடு வரும்வரை முடிவு எழுதாதீர்கள்.

சந்தேகம் வந்தால் வேலையிலிருந்து விலக்குங்கள், ஆனால் கேபினில் தனியே பூட்டாதீர்கள். எழுப்பியும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பத்துக்குக் கீழே போனால் உடனே ரேடியோ மருத்துவ ஆலோசனை. மருந்துப் பெட்டியில் ஹெராயின், மார்பின் மயக்கத்தை முறிக்கும் நலோக்சோன் இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். அது கொடுத்துத் தெளிந்தாலும் ஓரிரு மணி நேரத்துக்குள் மறுபடி மயங்கலாம், பக்கத்திலேயே ஆள் வேண்டும்.

மருந்து அலமாரியையும் மறக்கவேண்டாம். மார்பின் ஆம்பூல்களை (ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பிகளை) இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடட்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒவ்வொன்றின் கழுத்தையும் விளக்கொளியில் பாருங்கள். மருந்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி ஒட்டிவைத்திருக்கலாம். டிரமடால், டயசிபாம், கோடீன் இருமல் மருந்துக்கும் அதே கணக்கு.

நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: சோதனைக்கு முன் தானாக வந்து சொல்பவருக்குச் சிகிச்சையும், குணமானபின் வேலையும் உண்டு என்று உங்கள் விதிமுறையில் எழுதி, மெஸ் அறையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கப்பல் பாதுகாப்புப் பணியில் இருப்போர்