கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஓர் இடம் கொடுங்கள்

சேலத்தில் குழந்தைகள் பிரிவு நடத்தும் மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் மாவட்ட, மாநகராட்சி அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் ஒரு ராத்திரி, நகரத்தில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் படுத்திருந்தவர்களை எழுப்பி கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். தரை கழுவ வேண்டுமாம். எழுந்திருக்கத் தயங்கியவர்களின் பாயிலேயே வாளித் தண்ணீர் விழுந்தது. எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த செக்யூரிட்டிக்கு ஒரு மெமோ கொடுத்து விஷயத்தை முடித்துவிடுவீர்கள். அவர் காண்டிராக்டில் வேலை பார்க்கும் மனுஷர். சொன்னதைச் செய்தார். என் கேள்வி அவரிடம் இல்லை.

வெளியே போனவர்களில் என் மச்சானும் ஒருவர். தங்கச்சிக்கு எட்டாம் மாதமே குழந்தை பிறந்து, பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வைத்திருக்கிறார்கள். தாய்க்கு மட்டும் உள்ளே இடம். ராத்திரியில் ஆண்கள் தங்கக் கூடாது. பிள்ளை பெற்ற பெண்கள் படுத்திருக்கும் இடம், அது நியாயம்தான். ஆனால் குழந்தையைச் சேர்க்கும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறார்கள்: "ஆள் ஒருத்தர் எப்பவும் கீழேயே இருக்கணும், மைக்கில் கூப்பிட்டா உடனே வரணும்." ரத்தம் ஏற்பாடு செய்ய, ஸ்கேனுக்குக் கொண்டு போக, கையெழுத்துப் போட என்று எந்நேரமும் கூப்பிடுவார்கள். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அம்மா பெயரோடு "பேபி" என்று சேர்த்துத்தான் மைக்கில் அழைப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக ராத்திரி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிற அப்பன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அன்றைக்கு மச்சான் ரோட்டைத் தாண்டி, மூடிய கடை ஒன்றின் வாசலில் படுத்திருந்தார். மைக் சத்தம் அங்கே வராது. கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஆள் வரவில்லை. கடைசியில் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் தங்கச்சியே படி இறங்கி, கேட் வரைக்கும் வந்து சத்தம் போட்டு எழுப்பினாள். செல்போன் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் வேண்டுமே, சார். மேலே ஓடியதும் நர்ஸம்மா கேட்ட கேள்வி: "பெத்த பிள்ளையை விட்டுட்டு எங்கய்யா போனீங்க?"

கேட்கலாம்தான். ஆனால் போகச் சொன்னது யார்? உள்ளேயே இரு என்று ஒரு விதி, வெளியே போ என்று இன்னொரு விதி. இரண்டுக்கும் நடுவில் படுக்க இடம் எங்கே என்பதை மட்டும் எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். குழந்தையின் துணைக்கு வந்தவர்களுக்கு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் தலைசாய்க்க ஓர் இடம்.

வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வரலாமே என்று ஒருவர் சொன்னார். எங்கள் வீடு ஏற்காட்டுக்கும் அந்தப் பக்கம். கடைசி பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து இருட்டில் நடக்க வேண்டும். மழை பிடித்தால் அதுவும் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது உங்களுக்குத் தெரியாததல்ல. கருமந்துறை, சித்தேரி, கொல்லிமலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். லாட்ஜில் தங்கலாம் என்றால், ஒரு நாள் வாடகை எஸ்டேட்டில் ஒரு நாள் கூலியைத் தாண்டுகிறது. பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அந்தக் கூலியும் கிடையாது.

இதே ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. அரசு விடுதி, தனியார் ரிசார்ட், படகுத் துறை, மே மாதம் வந்தால் மலர்க் கண்காட்சி. நல்லது, எங்கள் பிள்ளைகள் பலருக்கு அதில்தான் பிழைப்பு. ஆனால் மலை ஏறி வருகிறவர்களுக்கு ஏரியைப் பார்த்த அறை, மலை இறங்கி வருகிற எங்களுக்குச் சாக்கடையைப் பார்த்த நடைபாதை. சேலத்துக் கொசு கட்டணம் கேட்பதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சரி, கோபத்தை விடுகிறேன். செய்ய முடியாத எதையும் கேட்கவில்லை. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில், கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் சில நாள் முன்பே வந்து தங்க அறை வைத்திருப்பது இதே தமிழ்நாடு அரசுதான். வலி வந்த பிறகு மலையிலிருந்து இறங்குவது ஆபத்து என்று புரிந்து செய்த ஏற்பாடு. பிரசவத்துக்கு முன்னால் புரிந்த தூரம் பிரசவத்துக்குப் பின்னால் மறந்து போகுமா? சென்னையில் அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே நோயாளிகளின் துணைக்கு வருகிறவர்களுக்கு மாநகராட்சி தங்குமிடம் நடத்துகிறது. மும்பையில் 2006-ல் தொடங்கிய செயின்ட் ஜூட் அமைப்பு, புற்றுநோய் வந்த குழந்தைகளையும் பெற்றோரையும் பணம் வாங்காமல் தங்க வைக்கிறது, சென்னையிலும்கூட. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கணக்குப்படி, நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் அளவில் காப்பகம் வேண்டும் என்று வகுத்திருந்தார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே சேலம் மாநகரம் எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அது வீடில்லாதவர்களுக்கானது என்பீர்கள். எங்களுக்கு வீடு உண்டு, அது மலைமேல் இருக்கிறது. பிள்ளை கீழே இருக்கிறது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குழந்தையின் சிகிச்சைக்கு உதவுகிறது. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறது. இரண்டையும் நன்றியோடுதான் சொல்கிறேன். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி செய்த அரசுக்குத் தூக்கத்துக்கு வழி செய்வது பெரிய காரியமா?

கட்டடம் கட்ட டெண்டர், பூமி பூஜை, ரிப்பன் எல்லாம் ஆகட்டும், காத்திருக்கிறோம். அதுவரைக்கும், பகல் முடிந்ததும் பூட்டிக் கிடக்கும் வெளிநோயாளிகள் ஹாலை ராத்திரியில் திறந்துவிடுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகத் தடுப்பு, தண்ணீர் வருகிற கழிப்பறை, சார்ஜ் போட நாலு பிளக் பாயிண்ட். தரையை அதிகாலையில் கழுவச் சொல்லுங்கள், நாங்களே எழுந்து பாயைச் சுருட்டிக் கொடுக்கிறோம். முக்கியமாக, மேலே கூப்பிடும் மைக்குக்கு அங்கேயும் ஒரு ஸ்பீக்கர். கூப்பிட்டால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தேதியிலிருந்து என்று மருத்துவமனை வாசலில் ஒரு பலகை வைத்தால் போதும், எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஏற்காடு மலையிலிருந்து ஒரு தாய்மாமன்