அறிவிக்காத போருக்கும் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உளவு அமைப்புகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். லாவோஸில் சி.ஐ.ஏ. நடத்திய ரகசியப் போரை விரிவாக எழுதிய கட்டுரையாளர், நம் கடலுக்கு அக்கரையில் இலங்கையில் நம் அரசே நடத்திய அறிவிக்கப்படாத போரைத் தொடாமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழ இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது, நம் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'. டேராடூன் பக்கம் தொடங்கியது, பிறகு தமிழ்நாட்டிலும் முகாம்கள் வந்தன. எங்கள் கொளத்தூர்க் காட்டோரம் என்ன நடக்கிறது என்று ஆடு மேய்ப்பவர்களுக்குக்கூடத் தெரியும். தில்லி மட்டும் அப்படி எந்த முகாமும் இல்லை என்று மறுத்துக்கொண்டே இருந்தது. ஊருக்குத் தெரிந்த விஷயத்தை நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள ஆளில்லை. 1997-இல் ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை வெளியானபோது அதை வைத்துப் பிரதமர் குஜ்ராலின் ஆட்சியைக் காங்கிரஸ் கவிழ்த்தது. பயிற்சிக்கு உத்தரவிட்டது யார், எந்தத் தலைப்பில் பணம் போனது என்பதெல்லாம் அப்போதும் தெளிவாகவில்லை.

1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன நம் படை, அக்டோபரில் 'ஆபரேஷன் பவன்' என்ற பெயரில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க விடுதலைப் புலிகளுடன் சண்டையிட்டது. யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் 30 வீரர்களில் ஒருவரே உயிரோடு பிடிபட்டார். மற்ற 29 பேரும் மாண்டார்கள். எந்தத் தகவலை நம்பி அவர்களை அங்கே இறக்கினார்கள்? அந்தத் தகவலைத் தந்தது யார்? அதே மாதம் 21-ஆம் தேதி, தீபாவளி நாளில், யாழ் பெரியாஸ்பத்திரிக்குள் நம் படை புகுந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாள் காலை கைகளை உயர்த்தியபடி தாதியரை அழைத்துக்கொண்டு வந்த குழந்தை மருத்துவரையும் சுட்டுவிட்டார்கள். இருதரப்பு மோதலில் சிக்கியவர்கள் என்றது ராணுவம். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது நம் வீரர்களில் ஏறத்தாழ 1,200 பேர் இல்லை. 1999 கார்கில் போருக்கு கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைத்து, அதன் அறிக்கையைச் சில பகுதிகளை மறைத்தாவது நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். ஈழத்தில் இரண்டரை ஆண்டு நடந்ததற்கு அந்த அளவுகூட இல்லை.

இதில் வியப்பில்லை. 1968-இல் தொடங்கிய 'ரா'வுக்கு இன்றும் தனிச் சட்டம் கிடையாது. உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.க்கும் கிடையாது. படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று அரசியலமைப்பில் எங்கும் இல்லை. உளவு அமைப்புகளுக்கென்று 1985-இல் ஒரு சட்டம் வந்தது. அது அங்கே வேலை பார்ப்பவர்கள் சங்கம் வைக்கவும் பத்திரிகைகளிடம் பேசவும் கூடாது என்கிற சட்டம். 2021-இல் ஓய்வூதிய விதிகளைத் திருத்தி, ஓய்வு பெற்றவர்களும் அனுமதியின்றித் தங்கள் துறை பற்றி எழுதக் கூடாது என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் ஊழல், மனித உரிமை மீறல் புகார்களுக்கு மட்டுமே சிறு வழி விட்டிருக்கிறார்கள். உளவு அமைப்புகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர, 2011-இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா (அரசு சார்பில் அல்லாமல் ஓர் உறுப்பினரே கொண்டுவருவது) சட்டமாகவில்லை.

ரகசியம் வெளியே போய்விடும் என்பார்கள். அமெரிக்காவில் 1975-இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு, கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. போட்ட திட்டங்களையே தோண்டியெடுத்தது. அதற்குப் பின்னும் சி.ஐ.ஏ. இயங்கத்தான் செய்கிறது. மறு ஆண்டே செனட்டில் நிரந்தரக் கண்காணிப்புக் குழு வந்தது. மூடிய அறையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற குழு அது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நிகரகுவா கிளர்ச்சியாளர்களுக்குப் பணம் தரக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தடுத்த பிறகும், ஈரானுக்கு ஆயுதம் விற்ற காசை ரீகன் அரசின் அதிகாரிகள் அங்கே திருப்பிவிட்டார்கள். ஆனால் 1986-இல் அது வெளிப்பட்டபோது, மீறப்பட்ட சட்டம் இன்னது என்று காட்ட முடிந்தது. விசாரணையும் நடந்தது. இங்கே மீறுவதற்குக்கூடச் சட்டம் இல்லையே!

தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களிடம் உங்கள் இதழ் வழியாக ஒரு கோரிக்கை. உளவு அமைப்புகளுக்குச் சட்டமும், எதிர்க்கட்சியினரும் இடம்பெறும் நாடாளுமன்றக் குழுவும் கேட்டு, வெள்ளிக்கிழமைகளில் வரும் தனிநபர் மசோதா நேரத்தில் உங்களில் ஒருவராவது மசோதா கொண்டு வாருங்கள். 1983 முதல் 1990 வரையிலான ஈழக் கோப்புகளைத் திறக்கச் சொல்லியும் கேளுங்கள். எந்தக் கட்சியானாலும் சரி, அவரை ஆதரித்து எங்கள் ஊரில் கையெழுத்து வாங்கித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொளத்தூர், சேலம் மாவட்டம்.