மிஸ்டர் பீன்ட காசு மட்டும்தானா செய்தி?

ஆசிரியர் ஐயா,

மிஸ்டர் பீனா நடிச்ச ரோவன் அட்கின்சன்ட சொத்தைப் பத்தி உங்கட பேப்பரில போட்டிருந்தீங்க, 2015ல மெக்லாரன் காரை 80 லட்சம் பவுணுக்கு வித்தவர் எண்டது சரிதான், ஆனா அவர் ஒக்ஸ்போட்டில எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படிச்சவர், திக்கிக் கதைக்கிறவர், வேற ஆளா நடிக்கக்குள்ள திக்கல் நிண்டுரும் எண்டு அவரே சொல்லியிருக்கார், அதையெல்லோ பெரிசா போட்டிருக்கணும். மிஸ்டர் பீன் மொத்தமே 15 எபிசோட்தான், கதை பேச்சு கொஞ்சம் எண்டபடியா எங்கட அம்மாவும் என்ட மகனும் ஒண்டா இருந்து பாப்பாங்க, சோதினையில பக்கத்து ஆள்ட பேப்பரை எட்டிப் பாக்கிற இடத்தில ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்காது. இஞ்ச திக்கிற புள்ளைகளை வகுப்பில வாசிக்க எழுப்பாமலே விட்டுர்றாங்க, அதுகளை நாடகத்தில சேக்கச் சொல்லி ஒருக்கா எழுதுங்க ஐயா.

– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு