ஆனைமுடித் தவளைக்காகக் கூடியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நான் மூணாற்றுத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள். ஆனைமுடியைப் பார்த்தே வளர்ந்தும், 2,695 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் செம்மஞ்சள் நிறத் தவளை ஒன்று வாழ்கிறது என்பதைச் சிங்கப்பூருக்கு வந்த பிறகே படித்தறிந்தேன். அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்ற என் ஆசையைச் சென்ற சனிக்கிழமை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நிறைவேற்றி வைத்தவர்கள் நீங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு முதல் நன்றி. "பேர் இல்லாததைப் பிள்ளைகள் எப்படி நினைவில் வைப்பார்கள்?" என்று கேட்டு, ஆனைமுடிப் புதர்த்தவளை என்று எழுதிக் கொடுத்தார். ஆறாம் மாடி அக்கா கம்பளித் துணியில் நாற்பது தவளைகள் தைத்தார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உடல், குட்டைக் கால்கள், முதுகில் சுரப்பிகளுக்காக ஒவ்வொன்றாக முடிச்சிட்ட நூல்! கண் வலித்திருக்கும், அக்கா. மேசைகள் தந்த மலாய்க் குடும்பத்துக்கும் நன்றி.

பேச்சின் நடுவே மழை பிடித்தது. வடிகாலில் தவளைகள் மாடு போலக் கத்தத் தொடங்கின. அவை வெளியிலிருந்து இங்கு வந்து, கால்வாயிலும் பிழைத்துக்கொண்ட இனம். ஆனைமுடித் தவளைக்கோ அந்த மலை இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவின் உச்சிப் புல்வெளியும் சோலையும்தான் உலகம். மலை மூங்கிலின் அடியில் அது இடும் முட்டையிலிருந்து, தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல், குட்டித் தவளை நேராக வெளிவருகிறது. குளம் வேண்டாம், குளிரும் ஈரமும் போதும். வெப்பம் கூடினால் மற்ற உயிர்கள் மேலே ஏறலாம். இது ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதைச் சொன்னபோது, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தன் துணித் தவளையைப் பையிலிருந்து எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். அதை நான் மறக்கமாட்டேன்.

2010இல் இந்தத் தவளையைப் புதிய இனமாக உலகுக்கு விவரித்த தவளை ஆய்வாளர் எஸ். டி. பிஜு குழுவினருக்கும், இரவிகுளத்தைக் காக்கும் வனக் காவலர்களுக்கும், அந்த மலைகளை அறிந்த முதுவர் மக்களுக்கும் இங்கிருந்தே கைகூப்புகிறேன்.

துணித் தவளைகளில் ஆறு மீதம் உள்ளன. மழையால் வரமுடியாத பிள்ளைகள் ஞாயிறு மாலை கீழ்த்தளத்துக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன்.