டிரினிட்டி எப்போது பட்டம் கொடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் ராமானுஜன் கட்டுரையை ஆசையாகத்தான் எடுத்தேன். மூன்றாவது பத்தியிலேயே "டிரினிட்டி கல்லூரி 1916இல் அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியது" என்று இருந்தது, அதோடு காபி ஆறிப்போயிற்று. கேம்பிரிட்ஜில் எந்தக் கல்லூரியும் பட்டம் கொடுப்பதில்லை ஐயா, பல்கலைக்கழகம்தான் கொடுக்கும். டிரினிட்டி செய்தது 1918இல் அவரை ஃபெலோவாக, அதாவது கல்லூரியின் அறிஞர் குழுவில் ஓர் உறுப்பினராக எடுத்துக்கொண்டது. அதுவும் முந்தைய வருடம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு.

சின்ன விஷயம் என்பீர்கள். என் மகள் அங்கே முதுகலைக்குப் போனபோது கல்விக் கடனுக்காக ஒரு வங்கிக்கு நடந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம், கல்லூரியிலிருந்து ஒரு கடிதம். "ரெண்டுல எதுல சேர்றாங்க சார்?" என்றார் மேலாளர். இரண்டிலும் என்றேன், ஃபைலை மூடிவிட்டார். அங்கே 31 கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சொத்து, தனிச் சட்டதிட்டம், இளங்கலை மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதும் இரண்டு மூன்று பேராக உட்காரவைத்துச் சொல்லித்தர ஏற்பாடு செய்வதும் கல்லூரி பாடு, விரிவுரையும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் பாடு என்று விளக்கி முடிக்க நான்கு நடை ஆயிற்று. நம்ம ஊர் இணைப்புக் கல்லூரி கணக்கில் பார்த்தால் குழப்பம்தான். சரி, வங்கிக்காரரை விடுங்கள், கட்டுரை எழுதுகிறவர் விசாரிக்க வேண்டாமா?

இது முதல் தடவையும் இல்லை. கேம்பிரிட்ஜ் 1284இல் தொடங்கியது என்று வினாடி வினாவில் போட்டீர்கள். அது பீட்டர்ஹவுஸ் கல்லூரியின் வருடம். ஆக்ஸ்ஃபோர்டு ஊர்க்காரர்களோடு தகராறு முற்றி 1209லேயே ஆசிரியர்களும் மாணவர்களும் கேம்பிரிட்ஜுக்கு வந்துவிட்டார்கள், முதல் கல்லூரி வர எழுபத்தைந்து வருடம் ஆனது. எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் மகளிர் தின மலரில், கர்ட்டன் கல்லூரி 1869 முதல் பெண்களுக்குப் பட்டம் தந்ததாம்! கல்லூரி 1869தான், ஆனால் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தர 1948 ஆயிற்று. அதற்கும் எழுதினேன். பிரசுரித்தீர்கள், நன்றி, "மகளிர் மலர் அருமை" என்ற என் முதல் வரியை மட்டும்.

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. பட்டம் கொடுத்தது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள், போதும். அதே இணைப்பிதழில், ராசிபலனுக்குக் கீழே ஒளித்துவைக்காமல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்,
கும்பகோணம்